கணக்கும் பாட்டும்

சென்ற தைத்திங்களில் நம் பல்கலைக்கழகத் தமிழ் மன்றம் நடத்திய பொங்கல் விழாவில் நானும் இரண்டு பாட்டுகள் பாடினேன். மேடையை விட்டு இறங்கியதும் முதுகலை மாணவர் ஒருவர் அருகில் வந்து, "அண்ணா, படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகாமல் பாட்டையே நம்பி இருந்துவிடலாமா?" என்று கேட்டார். கடைசி மெட்ரோ வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்த நான், "வேலையை விட்டுவிடாதே, தம்பி" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வண்டியில் உட்கார்ந்த பிறகு வெட்கமாக இருந்தது. என் மாமனார் சொல்லக்கூடிய விடை அது. பாட்டுக் கட்டுகிறவன் சொல்லத்தக்க விடை அன்று. இதழாசிரியர் கட்டுரை கேட்டபோது, அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடலாம் என்று எண்ணினேன்.

நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாட்டுக்குச் சொல்லும் நானே எழுதி, மெட்டும் நானே அமைத்து, கிதாரை மீட்டி நானே பாடுகிறேன். திரைப்படத்திற்கு எழுதியதில்லை, என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை. இத்தகையவரை இக்காலத்தில் 'இன்டிபென்டன்ட் ஆர்ட்டிஸ்ட்' என்கிறார்கள். சொல்லும் இசையும் சேர்த்து ஆக்குபவருக்கு நம் இசையுலகில் 'வாக்கேயக்காரர்' என்ற பழைய பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரை எனக்கு நானே சூட்டிக்கொண்டால் தியாகையரின் அடியார்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பாட்டுக்காரன் என்பதே போதும்.

வேலையும் பாட்டும் ஒரு கூரையின் கீழ் வாழா என்று நினைப்பவர் பலர். நம் முன்னோர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. இராம நாடகம் பாடிய சீகாழி அருணாசலக் கவிராயர் (1711-1779) காசுக்கடை வைத்து வாழ்ந்தவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பாடிய வேதநாயகம் பிள்ளை (1826-1889) மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். வழக்குமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்தவர். தம் பாட்டுகள் பலவற்றுக்குத் தாமே இராகமும் தாளமும் குறித்த பாரதியார், 1904ல் சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவியாசிரியராக அமர்ந்தவர். வங்காளத்தில் 1992ல் வெளிவந்த 'தோமாகே சாய்' என்ற பாட்டுத் தொகுப்பால் புதுவழி காட்டிய சுமன், அதற்குமுன் ஜெர்மானிய, அமெரிக்க வானொலிகளின் வங்கப் பிரிவில் ஊழியம் பார்த்தவர். அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ், 1971ல் தம் முதல் ஆல்பம் வெளிவந்த காலத்தில், விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த ஆல்பத்தின் அட்டையில் தொழிற்சாலைச் சுவரோரம் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, அலுவலகத்திலிருந்து நேரே கச்சேரிக்குப் போகும்போது டிபன் காரியரை மறைத்து வைப்பதை விட்டுவிட்டேன்.

வேலையில் இருப்பவர் பாடலாமா, பாடிப் பணம் வாங்கலாமா என்பது நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது. மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆம் விதி, தனித் தொழிலையும் வேற்று வேலையையும் இசைவின்றி மேற்கொள்ளக் கூடாது என்கிறது. அதே விதி, இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணியை, அலுவலகக் கடமை கெடாத வரையில், அவ்வப்போது செய்ய முன்னிசைவு வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. 'அவ்வப்போது' என்ற சொல்லில்தான் நுட்பம் முழுவதும் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு விழாவில் பாடுவது அவ்வப்போது. வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டலில் பாடுவது அவ்வப்போது என்று எந்த மேலதிகாரியும் ஒப்பமாட்டார். ஐயம் வந்தால் நான் எழுதிக் கேட்டுவிடுவேன். விடை வருவதற்குள் கச்சேரித் தேதி கடந்து போனதும் உண்டு.

தனியார் நிறுவனத்தில் சேரப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஊழியர் தம் வேலையின் பகுதியாக ஆக்கிய படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே உரியது. விளம்பர நிறுவனத்தில் இருந்துகொண்டு சோப்புக்குப் பாட்டெழுதினால் அது நிறுவனத்தின் பாட்டு. இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதிய பாட்டு உம்முடையது. ஆயினும், வேலை உத்தரவோடு தரும் ஒப்பந்தத்தில், ஊழியர் ஆக்குவது எதுவாயினும் நிறுவனத்தைச் சேரும் என்று ஒரு வரி ஒளிந்திருப்பது உண்டு. சம்பளத் தொகையைப் படிக்கும் ஆர்வத்தோடு அந்த வரியையும் தேடிப் படிக்க வேண்டும்.

இனி நேரத்தைப் பற்றி. எல்லாரும் வேலை நேரத்தைத் தின்கிறது என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, உண்டு, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கிதாரோடு உட்கார்ந்தேன். நாளுக்கு இரண்டு மணி, குறைவில்லை. ஆனால் ஓராண்டில் உருப்படியான பாட்டு ஒன்றுகூட வரவில்லை. காரணம் பிறகு விளங்கிற்று. வேலை தின்றது என் நேரத்தை அன்று, என் நாளின் முதல் மணியை. பகல் முழுவதும் பிறருடைய எண்களைச் சரிபார்த்த மூளை, இரவில் எழுதும் வரியையும் சரிபார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு வரி எழுதினால் பிழை கண்டுபிடித்தது. இரண்டாம் வரிக்குப் போகவிடவில்லை.

ஆகையால் முறையை மாற்றினேன். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஆறு மணி வரை எழுதுவது. அந்தப் பொழுதில் எதையும் திருத்துவதில்லை. இரவுப் பொழுது, திருத்தல், பதிவு, கடிதம், கணக்கு ஆகியவற்றுக்கு. சோர்ந்த மூளைக்கு ஏற்ற வேலை அது. மெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது பெரும்பாலும் மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகம் வரை நடக்கும் இருபது நிமிடத்தில் வரும். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து முணுமுணுத்துப் பதிந்துகொள்வேன். யாரோடோ பேசுகிறேன் என்று எதிரே வருகிறவர்கள் நினைப்பார்கள். இக்காலத்தில் தனியே பேசிக்கொண்டு போவது பைத்தியத்தின் அடையாளம் அன்று. மார்ச்சு மாதத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. அம்மாதம் பாட்டே இல்லை என்று எனக்கு நானே விடுமுறை விட்டுவிட்டேன். நவம்பரில் தில்லியின் புகை தொண்டையைப் பிடிக்கும். அம்மாதம் பாடுவதில்லை, எழுதுவது மட்டுமே. பன்னிரண்டில் பத்து மாதம் மிச்சம். அது போதும்.

பதிவு செய்வது தனிக் கதை. ஸ்டுடியோவில் மணிக்கணக்குப் பார்த்து வாடகை கொடுத்துப் பாடும்போது, பாட்டின் தாளத்தைவிடக் கடிகாரத்தின் தாளமே காதில் ஒலிக்கும். ஆதலால் ஒரு மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டியும், காதில் மாட்டும் ஒலிக்கருவியும் வாங்கினேன். பதிவுக்கூடம் எங்கள் மாடியறை. தில்லியில் இதைப் பர்சாத்தி என்பார்கள். வெறுஞ்சுவரில் குரல் மோதித் திரும்பி வந்தால் கிணற்றில் பாடுவதுபோல் பதிவாகும். அதைத் தடுக்கத் துணிதான் நல்ல மருந்து. குளிர்கால ரஜாய்கள் மூன்றைக் கொடியில் தொங்கவிட்டு அவற்றின் நடுவே நின்று பாடுவேன். "இந்த ரஜாய் போர்த்திக்கொள்ளவா, பாட்டுக்கா?" என்று என் மனைவி ஆண்டுதோறும் டிசம்பரில் கேட்பாள். கோடையில் பதிவே நடவாது. மின்விசிறியையும் கூலரையும் நிறுத்தினால் ஆள் பிழைக்கமாட்டான். ஓடவிட்டால் பாட்டு பிழைக்காது. ஆகையால் என் பாட்டுகள் எல்லாம் குளிர்காலத்தில் பிறந்தவை. குளிர்காலத்தில் கலியாண ஊர்வலங்கள் உண்டு. அவர்களுடைய பாண்டு வாத்தியம் ஓய்ந்த பிறகு, நள்ளிரவில்தான் எனக்கு இடம்.

இவ்வளவும் சொன்னேனே ஒழிய, அந்தத் தம்பிக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று. அது நான் ஒரு பாட்டை இழந்த கதை.

2017ல் என் தந்தையார் காலமானார். அவர் முப்பது ஆண்டு ஓட்டிய சைக்கிளைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். அதைக் கேட்ட சிறு இசை நிறுவனம் ஒன்று, பதிவு செய்து வெளியிடுகிறோம் என்று சொல்லிப் பத்தாயிரம் ரூபாயும் ஒரு பக்கத் தாளும் நீட்டியது. என் பாட்டுக்கு முதன்முதலாக வந்த பணம். நாள் முழுவதும் பிறர் நீட்டும் தாள்களை வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும் நான், அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்! அவர்கள் மின்தாளம் சேர்த்து, வேகத்தைக் கூட்டி, வேறொருவரைப் பாடவைத்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, அப்பாவின் நினைவுநாளில் ஊரில் உறவினர் நடுவே அந்தப் பாட்டைப் பாடினேன். என் தங்கை அதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினாள். ஒரு வாரத்தில் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையால் அது நீக்கப்பட்டது. "ஏன்டா, உன் பாட்டுதானே அது?" என்று அம்மா கேட்டாள். என் தந்தையைப் பற்றிய பாட்டை ஊரறியப் பாட நான் இன்னொருவரிடம் இசைவு பெற வேண்டியவனாகியிருந்தேன்.

அதன்பிறகே சட்டம் படித்தேன். அதில் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாம் ஒரு பாட்டு என்று சொல்வது சட்டத்தின் கண்ணுக்கு மூன்று சொத்து. சொல் ஒன்று, இசை ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்திற்கு மெட்டமைத்தவர்கள் சட்டநாதபுரத்து மாணாக்கர் இருவர் என்பார்கள். இன்றைய சட்டப்படி அங்கே சொல்லுக்கு உரியவர் ஒருவர், இசைக்கு உரியவர் இருவர். ஒலிப்பதிவோ, பதிவுக்குப் பொறுப்பேற்று அதை உண்டாக்கிய தயாரிப்பாளருக்கு உரியது. சொல்லும் இசையும் பிறந்த கணமே ஆக்கியவருக்குச் சொந்தம்; பதிவுத்துறையில் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக்கியவர் இறந்த பிறகும் அறுபதாண்டு நிற்கும். இவ்வுரிமை விற்கவும் வாங்கவும் கூடியது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் ஒலிக்கச் செய்யும் உரிமையே ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்து, 1949ல் சென்னை அரசு ஏற்றபிறகே பொதுவுக்கு வந்தது என்றால், என் சைக்கிள் பாட்டு எம்மாத்திரம்?

ஆயினும் அச்சட்டத்திலேயே எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. உரிமையை மாற்றிக்கொடுக்கும் தாளில் காலம் குறிக்கப்படாவிட்டால் அது ஐந்தாண்டுக்கே செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. பெற்றவர் அவ்வுரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், தாளில் வேறுவிதமாகச் சொல்லப்படாத பட்சத்தில், அது கழிந்துபோகும். வழக்கறிஞராயிருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா அந்த ஒரு பக்கத் தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். "காலம் எழுதவில்லையே, தம்பி! படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நீ. யோசிக்காமல் எழுதினவன் அவன். இரண்டும் சரியாகப் போயிற்று" என்றார். 2022 வரை காத்திருந்து பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பினேன். சொல்லும் இசையும் என்னிடம் திரும்பின. அவர்கள் செய்த ஒலிப்பதிவு அவர்களுடையதே. அதன்மேல் எனக்கு ஆசையும் இல்லை.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றும் செய்திருக்கிறது. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை மாற்றிக்கொடுத்த பிறகும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர்களுள் கவிஞர் ஜாவேத் அக்தர் முதன்மையானவர். எனக்குரிய பங்கு எவ்வளவு என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். வருவாயே இல்லை என்று விடை வந்தது. நம்புகிறேன், அந்தப் பதிவை நானே மூன்று முறைக்குமேல் கேட்டதில்லை.

வருவாய் என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தனி ஆள் தன் பாட்டைப் பெரிய இசைத்தளங்களில் பெரும்பாலும் நேரே ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். சிலர் ஆண்டுக் கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் வருவாயில் பங்கு. கட்டணம் கட்டத் தவறினால் பாட்டை இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இலக்கக் குறி தருவார்கள். அதைக் குறித்து வைக்க வேண்டும். விநியோகஸ்தரை மாற்றினாலும் குறி மாறக்கூடாது, மாறினால் அதுவரை கேட்டவர் கணக்கு சிதறிப்போகும். ஒரு முறை கேட்டால் இவ்வளவு காசு என்று நிலையான விலை பெரும்பாலான தளங்களில் இல்லை. வருவாயைத் திரட்டி, மொத்தக் கேட்புகளில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை தளத்தில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பதிவுக்கு ஒன்றும் இல்லை. என் பாட்டுகளில் அந்தக் கோட்டைத் தாண்டியவை இரண்டே. இதுவரை எல்லாத் தளங்களிலிருந்தும் வந்த தொகையைக் கூட்டினால் நான் வாங்கிய மைக்கின் விலைக்கு எட்டாது. பாட்டெழுதுவோர்க்கும் இசையமைப்போர்க்கும் 1969ல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் உண்டு. பாட்டு பொது இடங்களிலும் வானொலியிலும் இணையத்திலும் ஒலிக்கும்போது தண்டும் தொகையை உறுப்பினர்க்குப் பிரித்துத் தருகிறது. நான் உறுப்பினன். ஆனால் அதைக் கொண்டு குடித்தனம் நடத்துவேன் என்று மனப்பால் குடிப்பதில்லை.

அப்படியானால் வேலையை விட்டவர்கள் முட்டாள்களா? இல்லை. என்னோடு பாடத் தொடங்கிய நண்பர் ஒருவர் எட்டாண்டுக்கு முன் வங்கி வேலையைத் துறந்தார். இன்று குருகிராமத்து ஓட்டல்களில் வாரத்தில் ஐந்து இரவு பாடுகிறார். கேட்பவர் விரும்பும் பழைய இந்திப் பாட்டுகள். தமக்கென்று பாட்டு எழுதி நான்காண்டு ஆயிற்று என்று அவரே சொன்னார். அதைக் கேட்டு எனக்குள் எழுந்த சிறு மகிழ்ச்சியை நினைத்து இப்போதும் நாணுகிறேன். ஏனெனில் கிதாரில் அவர் விரல் ஓடுவதுபோல் என் விரல் ஒருநாளும் ஓடாது. குரல் அவருக்கு நாள்தோறும் பழகிப் பழகித் தேறியிருக்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் குரல். அவர் வாடகைக்காகப் பாடுகிறார்; என் வாடகையை என் அலுவலகம் கொடுத்துவிடுவதால் யார் கேட்காவிட்டாலும் சைக்கிளைப் பற்றிப் பாடுகிறேன். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் மாயூரம் முன்சீப்பு அல்லேன். ஆனால் விலை இரண்டிலும் உண்டு. என் மகளின் பள்ளி ஆண்டுவிழா இரண்டுக்கு நான் போகவில்லை. ஒன்று தணிக்கையால், மற்றொன்று கச்சேரியால். கச்சேரியால் போகாததைத்தான் அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

தம்பி, நீ கேட்டதற்கு நான் அறிந்த விடை இவ்வளவே. முதலில் ஓராண்டு வேலையில் இருந்து பார். உன் நாளின் முதல் மணியை அது விட்டுவைக்கிறதா என்று பார். விட்டுவைக்காத வேலையானால் வேறு வேலை தேடு. பாட்டு நீ விரும்பும்போதெல்லாம் வந்து, வேலை ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் தாங்கும் சேமிப்பைத் தந்த பின், விடுவதானால் விடு. எப்படியாயினும், உன்னிடம் யாராவது ஒரு பக்கத் தாளை நீட்டினால் என் முகவரிக்கு அனுப்பு. சித்தப்பா இன்னும் கண்ணாடியோடு இருக்கிறார்.

சைக்கிள் பாட்டை 2022 டிசம்பரில் ரஜாய்களின் நடுவே நின்று நானே மறுபடி பதிவு செய்தேன். இரவு ஒன்றரை மணி. கடைசிச் சரணத்தில் எங்கள் தெருக் காவலர் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு கீழே நடந்து போனார்; மூன்று தட்டு, மைக்கில் தெளிவாக விழுந்துவிட்டது. நீக்கப் பார்த்தேன். தாளத்தோடு பொருந்தியிருந்ததால் விட்டுவிட்டேன். பொங்கல் விழாவில் நான் இரண்டாவதாகப் பாடியது அந்தப் பாட்டுதான். அவ்விடத்தில் நான் ஒரு கணம் நிறுத்தியபோது, முன்வரிசையில் யாரோ மேசையை மூன்று முறை தட்டினார்கள்.